மழை பெய்தும் போர்வெல் ஏன் நிரம்பவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பில் காற்று, நீர், நிலம் ஆகிய இயற்கை வளங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் அழகு. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. 31 வருஷம் சிவப்புப் பேனாவோடு காலம் தள்ளியவள் என்பதால் அதைத்தான் முதலில் தேடினேன். ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். இடப்பக்கம் தீரும் வளங்கள்: நிலக்கரி, பெட்ரோல், கனிமங்கள். வலப்பக்கம் தீராத வளங்கள்: சூரிய ஒளி, காற்று, நீர். அந்தக் கட்டத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

மதுரையில் நாலாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், போன பரீட்சையில் 'நீர் தீராத வளம், சரியா, தவறா?' என்ற கேள்விக்குத் 'தவறு' என்று எழுதி அரை மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டான். அவனுடைய ஆசிரியையை நான் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தில் உள்ளபடி திருத்தியிருக்கிறார். அவர் இடத்தில் நானும் பெருக்கல் குறிதான் போட்டிருப்பேன். எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்டும் இருக்கிறேன். ஏன்டா அப்படி எழுதினே என்று அவனைக் கேட்டேன். "நம்ம வீட்டு போர்ல ரெண்டு தடவை தண்ணி தீந்துபோச்சுல்ல, அப்பத்தா" என்றான். அதோடு விடவில்லை. "மழை பேஞ்சா திரும்ப நிரம்பிரும்னு மிஸ் சொன்னாங்க. கார்த்திகைல அவ்வளவு மழை பேஞ்சுச்சே, நம்ம போர் மட்டும் ஏன் நிரம்பல?"

என் சர்வீசில் இதைவிட நல்ல கேள்வியை ஒரு பிள்ளை கேட்டதாக நினைவில்லை.

உலகக் கணக்கில் உங்கள் கட்டம் சரிதான். கடலில் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, மறுபடி கடலுக்கே போகும் தண்ணீர் எங்கேயும் காணாமல் போவதில்லை. ஆனால் நூறு குடத்தில் 97 குடம் உப்புத் தண்ணீர் என்று அதே பக்கத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள். மிச்ச மூன்று குடத்திலும் பெரும்பங்கு பனிக்கட்டி. ஆக, பிள்ளை குடிக்கிற தண்ணீர் உலகக் கணக்கிலிருந்து வருவதில்லை. அவன் தெருவுக்கு அடியிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலப்பரப்புக்கு அடியில் கடும்பாறை. மேலே கொஞ்ச ஆழத்துக்குக் கரும்புச் சக்கை மாதிரி உளுத்த பாறை; மழைத்தண்ணீர் அதில் ஊறி நிற்கும். நம் தாத்தாக்கள் வெட்டிய கிணறுகள் அதற்குள்தான். அதற்குக் கீழே அம்மிக்கல். அம்மிக்கல்லில் விழுந்த கீறலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? 800 அடிக்குப் போர் போட்டு நாம் உறிஞ்சுவது அந்தக் கீறலில் பல காலமாகச் சேர்ந்ததை. ஒரு கார்த்திகை மழை அவ்வளவு ஆழத்துக்கு உடனே இறங்காது. அதிலும் வாசல் முழுக்க சிமென்ட் பூசிய தெருவில் இறங்கவே இறங்காது. அம்மியைக் காட்டித்தான் பேரனுக்குச் சொன்னேன். அவன் வீட்டில் மிக்ஸி மட்டும்தான் இருக்கிறது, அது வேறு கதை.

பொங்கல் லீவில் அவனைச் சிங்கம்புணரிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தேன். பாடப் புத்தகத்து நீர்ச்சுழற்சிப் படத்தை நினைத்துப் பாருங்கள். பனிமலை, ஆறு, கடல், மேலே போகும் அம்பு, கீழே வரும் அம்பு. அதில் ஒரு கண்மாய் உண்டா? தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 92 சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதியை ஐப்பசியும் கார்த்திகையும் ஒட்டிய சில வாரங்களே கொட்டிவிட்டுப் போகின்றன. அதைப் பிடித்து வைத்து மீதி மாதங்களை ஓட்டத்தான் 39,000 ஏரி கண்மாய்கள். ஒரு கண்மாய் நிறைந்து, மிகுந்த நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்கு வரத்து. இந்தச் சங்கிலி அறுந்தால் மழை அதே மழைதான், தண்ணீர் மட்டும் இருக்காது. வானம் கொடுப்பதைத் தேக்கிவைக்க ஆளும் வாய்க்காலும் இருக்கிற ஊரில்தான் நீர் புதுப்பிக்கத்தக்க வளம். இந்த நிபந்தனையைப் புத்தகம் சொல்வதில்லை.

தண்ணீர் வருகிற வழியைப் பார்க்கலாம் என்று எங்கள் கண்மாய் மடையிலிருந்து புறப்பட்டு, தண்ணீர் நிற்கும் உள்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தைச் சுற்றிக்கொண்டு வரத்துக்கால் வாய்க்காலைப் பிடித்து நடந்தோம். முக்கால் மைல் கூடப் போயிருக்க மாட்டோம். மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன. வாய்க்கால் அங்கே முடிந்துவிட்டது. "தண்ணி இதுக்கப்புறம் எப்படி வரும்?" என்றான். எனக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது உள்வாயிலிருந்து கொஞ்சம் மண்ணும், எங்கள் செவல் (செம்மண்) கொல்லையிலிருந்து கொஞ்சமும் எடுத்துவந்து, இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் போட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். குபுகுபுவென்று குமிழி வந்தது. "மண்ணுக்குள்ள மீன் இருக்கா அப்பத்தா?" மீன் இல்லை, காற்று. நல்ல மண்ணில் பாதிதான் மண். மீதிப் பாதி இடுக்கு. வேர் மூச்சுவிடுவதும் தண்ணீர் குடிப்பதும் அந்த இடுக்குகளில்தான். பிறகு மூடி போட்டுக் குலுக்கி வைத்தோம். செவல் பாட்டிலில் மணல் அறுபது எண்ணுவதற்குள் அடியில் போய் உட்கார்ந்தது. கண்மாய் மண் பாட்டில் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருந்தது. களிமண் அவ்வளவு நுணுக்கம். காற்று ஒரு பாடம், நீர் ஒரு பாடம், நிலம் ஒரு பாடம் என்று மூன்று வாரம் நான் பிரித்து நடத்தியதெல்லாம் திண்ணையில் ஒரே பாட்டிலுக்குள் நின்றது. வேலையில் இருந்தபோது இது எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டுக் காட்டில் மழை சுரண்டிய மேல்மண்தான் கண்மாயில் படிகிறது. சித்திரை வைகாசியில் கண்மாய் வற்றியதும் மாட்டுவண்டி கட்டி அதை அள்ளி வயலில் கொட்டுவார்கள். 'மண் அடிக்கிறது' என்போம். கண்மாய்க்கு ஆழம் கிடைக்கும், வயலுக்கு உரம் கிடைக்கும், போன மண் வீட்டுக்குத் திரும்பிவரும். எங்கள் மாவட்டத்து மானாமதுரையில் கடம் செய்கிறவர்கள் கையிலும் இந்தக் கண்மாய் மண்தான். இன்றைக்கும் விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கிக் கட்டணமில்லாமல் மண் எடுக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் வயலுக்கு என்று சொல்லி ஏற்றிய டிப்பர்கள் சில செங்கல் காளவாசலுக்குத் திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். மேல்மண் ஒரு அங்குலம் சேரப் பல நூறு வருஷம். செங்கல்லாக வேக ஒரு வாரம் போதும். அந்தப் புகை சாயங்காலம் ஊருக்குள் இறங்கும்போது என் தங்கை இன்ஹேலரைத் தேடுவாள். தீராத வளம் என்று உங்கள் கட்டத்தில் இருக்கும் காற்று அதுதான்.

குறையாகவே எழுதிக்கொண்டு போகிறேன். எங்கள் தாலுகாவுக்குப் பக்கத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்க் கரையில். பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊரில் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை மத்தாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெடிக்கு ஆசைப்படாமல் இருப்பது லேசான காரியமா? அங்கே எந்தக் குழந்தையும் இதைப் பாடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாரைகள் குஞ்சோடு மரத்தில் இருக்கின்றன, கண்ணால் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்கச் சொன்னது. கற்பித்தோம். தெர்மகோலில் பச்சைப் பெயின்ட் அடித்த மலையும் நீலப் பெயின்ட் அடித்த ஆறுமாக ஸ்டேஷனரி கடையில் 'ப்ராஜெக்ட்' விற்கிற அளவுக்குக் கற்பித்தோம்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இணைப்பில் அந்தக் கட்டத்துக்குப் பதில் மூன்று கேள்வி போடுங்கள். உன் ஊர்க் கண்மாய்க்கு, ஏரிக்கு, குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது? கடைசியாக அது எந்த வருஷம் கலுங்கு தட்டியது? உன் வீட்டு போர் எத்தனை அடி, அதற்கு முந்தியது எத்தனை அடி? விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட உங்களால் முடியாது, பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும். முதல் கேள்விக்கு என் பேரன் விடை எழுதி வைத்திருக்கிறான், பாதி மட்டும். மனைக்கல் வரைக்கும் வரைபடம் போட்டு, அதற்கு மேல் ஒரு கேள்விக்குறி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
சிங்கம்புணரி வட்டம், சிவகங்கை மாவட்டம்.