இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை ஒருவழியாக முடிந்தது. காற்பந்து அணி நன்றாக ஆடியது, தமிழ் விவாதக் குழு நன்றாகப் பேசியது, உயர்நிலை 3 மாணவர்கள் முகாமிலிருந்து கொசுக்கடியோடும் சிரிப்போடும் திரும்பினார்கள். எல்லாருக்கும் பாராட்டுகள். படங்கள் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உயர்நிலை 2 மாணவர்களிடம் சென்ற மாதம் கொடுத்தனுப்பிய மனநலப் படிவம் பற்றித்தான். ஆங்கிலக் கடிதம் ஏற்கெனவே வந்திருக்கும். ஆனாலும் “பையன் ஏதாவது தப்புப் பண்ணிட்டானா?” என்று பதறிப்போய் அலுவலகத்துக்குப் போன் செய்தவர்கள் பலர். அதனால்தான் தமிழிலும் எழுதுகிறேன்.

யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. படிவம் நிலை முழுவதற்கும் போனது. பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட கேள்வித்தாள் அது; பல நாடுகளில் பயன்படுகிறது. மொத்தம் 25 வரிகள். ஒவ்வொன்றுக்கும் ‘உண்மையில்லை’, ‘ஓரளவு உண்மை’, ‘நிச்சயமாக உண்மை’ என்று மூன்று கட்டங்கள். மனக்கவலை, நடத்தை, கவனச்சிதறல், நண்பர்களோடு பழகுவதில் உள்ள சிக்கல் என நான்கு பகுதிகள் சிரமங்களைப் பற்றியவை. ஐந்தாவது பகுதி பிறருக்கு உதவும் நல்ல குணத்தைப் பற்றியது. பத்து நிமிட வேலை.

இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. பள்ளியில் கண் பார்க்கிறார்கள், குனியச் சொல்லி முதுகெலும்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கெல்லாம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறோம். (எனக்கே பள்ளிக் கண் பரிசோதனையில்தான் கண்ணாடி வந்தது. அதுவரை கரும்பலகை எல்லாருக்கும் மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) படிவத்தில் மதிப்பெண் கூடுதலாக வந்தால் பள்ளி ஆலோசகர் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார், அவ்வளவுதான். பெரும்பாலும் அந்தப் பேச்சோடு முடிந்துவிடும். அதற்கு மேல் உதவி தேவைப்பட்டால் உங்களை அழைத்துப் பேசிய பிறகே, மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தில் 2007 முதல் பள்ளிகளோடு வேலை செய்துவரும் ரீச் குழுவை நாடுவோம்.

இப்போது எனக்குச் சங்கடமான பகுதி. திரும்பி வந்த அனுமதிச் சீட்டு ஒன்றில் “எங்கள் பிள்ளைக்குப் பைத்தியம் இல்லை” என்று எழுதியிருந்தது. கோபம் புரிகிறது, என் அம்மாவும் அப்படித்தான் எழுதியிருப்பார். ஆனால் வேறு சில படிவங்களில் 25 வரிகளுக்கும் ‘உண்மையில்லை’ கட்டத்திலேயே, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல், மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோட்டில் டிக். பிள்ளையின் கையெழுத்தைத் தினமும் பார்க்கிற வகுப்பாசிரியருக்கு அது யார் கை என்று தெரியாதா?

அப்படிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? “எனக்கு ஒரு நல்ல நண்பராவது உண்டு” என்பதும் அந்த 25இல் ஒன்று. அதற்கும் ‘உண்மையில்லை’. பிறரிடம் அன்பாக இருப்பதற்கும் ‘உண்மையில்லை’. சிரமப் பகுதிகளிலும் நண்பர் வரியைப் போல நல்லதைச் சொல்லும் வரிகள் ஐந்து உண்டு; அவற்றுக்கு ‘உண்மையில்லை’ என்றால் தலா இரண்டு மதிப்பெண் ஏறும். அதனால் சிரம மதிப்பெண் பூச்சியம் வராது, 10 வரும். நல்ல குணத்துக்குத்தான் பூச்சியம்.

வெளிப்படையாகவே சொல்கிறேன்: பிள்ளையின் பதிலைப் பெற்றோர் எழுதக் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. அந்தப் படிவங்களை நாங்கள் ஏற்கப்போவதில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் தவணையின் இரண்டாம் வாரத்தில் எல்லாரும் வகுப்பிலேயே புதிதாக நிரப்புவார்கள். வேண்டாம் என்பவர்கள் சீட்டில் ‘வேண்டாம்’ என்று எழுதினால் போதும். காரணம் கேட்க மாட்டோம்.

பையன்கள் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவைக்கும் வேலைக்கும் இது பின்னாலேயே வருமோ என்று அப்பாக்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். படிவம் ஆலோசகரின் அலமாரியைத் தாண்டாது. தேர்ச்சி அறிக்கையிலும் ஏறாது. வேலைக்கு அவசியமில்லாமல் விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்று, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளே 2020இல் சொல்லிவிட்டன. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க மாட்டோம். முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பதின்ம வயதினரில் மூவரில் ஒருவரிடம் மனச்சோர்வு, பதற்றம், தனிமை போன்ற அறிகுறிகள் இருந்தன. நாற்பது பேர் வகுப்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்களில் பலர் மதிப்பெண்ணும் நன்றாக வாங்குகிறவர்கள், சத்தம் போடாதவர்கள். அதனால் எங்கள் கண்ணிலும் படுவதில்லை.

ஓர் அம்மா சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: “ராத்திரி தூங்க மாட்டேங்கிறான். எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல சார்.” அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஆலோசகர் இருவரோடும் பேசிவருகிறார். அப்படி எழுத மனம் வந்த அவருக்கும், திட்டுவதற்காகவாவது போன் செய்த எல்லாருக்கும் உண்மையிலேயே நன்றி.

ஜூன் விடுமுறையில் அவசரமென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. படிவத்தைத் தமிழில் விளக்கக் கேட்பவர்களுக்கு எங்கள் தமிழாசிரியர்கள் உதவுவார்கள். பள்ளி திறக்கும் முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள், நானும் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்