கோயில் அறங்காவலர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும் ஒரு தாயின் மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

என் மகனுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம். பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாது, பேச்சும் வரவில்லை. தினமும் காலையில் பாயில் படுக்கவைத்து அவன் கால் தசைகளை நீட்டிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 30 நொடி. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ச, ர, வ, ண, ப, வ என்று ஆறெழுத்தையும் நிறுத்தி நிறுத்தி ஐந்து தடவை சொன்னால் 30 ஆகிவிடும். வலியில் அவன் முகம் சுளிக்கும்போதும் என் கை தளராமல் இருப்பது அந்த முருகனால்தான். பயிற்சி மையத்தில் என் பக்கத்தில் உட்காரும் தாய்மாரில் ஒருவர் தஸ்பீஹ் மணிமாலை உருட்டுவார், இன்னொருவர் கையில் ஜெபமாலை இருக்கும். பிள்ளையைக் குணமாக்கு என்று அழுததெல்லாம் ஆரம்பத்தில். இப்போது எங்கள் வேண்டுதல் இன்றைக்கு வலிப்பு வரக்கூடாது என்பதுதான்.

இப்படிச் சாமியைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிற எங்களால் கோயிலுக்குள் வர முடியவில்லை.

ஒரு கிருத்திகை அன்று சக்கர நாற்காலியை வாசலிலேயே விடச் சொன்னார்கள். 28 கிலோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். நடுவில் டயப்பர் மாற்ற வேண்டி வந்தது. பாலூட்டும் அறையில் அவனைப் படுக்கவைக்க இடமில்லை. தூணுக்குப் பின்னால், கல்தரையில், என் முந்தானையால் மறைத்து மாற்றினேன். வளர்கிற ஆண்பிள்ளை. அவனுக்கும் மானம் இருக்கிறது. உயரமான ஒரு கட்டில், கதவோடு ஓர் அறை, இவ்வளவு போதும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் என்பதில் வழிபாட்டுக்கான கட்டடங்களையும் சேர்த்தே சொல்கிறது. இருக்கிற கட்டடங்களைச் சரிசெய்ய, அதன் விதிகள் வெளியான 2017இலிருந்து அது தந்த ஐந்து ஆண்டு அவகாசம் 2022இலேயே முடிந்துவிட்டது. பழைய கற்கோயிலில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது, சரி. பக்கவாசல் ஒன்றில் சாய்தளம் போடலாம், கோயிலுக்குள் மட்டும் ஓடுகிற சுத்தமான நாற்காலிகளை வைக்கலாம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. பல இடங்களில் செங்குத்தாகப் போட்டிருக்கிறார்கள், தள்ளினால் நாற்காலி பின்னால் சரிகிறது.

அப்புறம், உங்கள் மண்டபங்களில் நடக்கும் சொற்பொழிவுகள். ‘போன ஜென்மத்துப் பாவம்தான் ஊனப் பிள்ளையாகப் பிறக்கிறது’ என்று ஒருவர் மைக்கில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த என் மாமியார் அன்றிரவு சாப்பிடவே இல்லை. பேரனுக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார் அவர். தயவுசெய்து பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ‘கடவுளே தேர்ந்தெடுத்த தாய்’ என்று எங்களைப் புகழ்வதும் வேண்டாம். அன்பாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்ட பிறகு, ‘இன்றைக்கு என்னால் முடியவில்லை’ என்று நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

வேலையைத் தொடங்கும்முன் உங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளித் தாய்மாரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து நாற்காலியைத் தள்ளிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று காட்டுகிறோம். காலை 11 மணிக்கு மேல் என்றால் எங்களுக்கு வசதி, பயிற்சி முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்