24 மணி நேரக் கடைக்கு இரவில் ஒரே ஆள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு 24 மணி நேரக் கடையில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, எட்டு வருடம் கல்லாவில் இருந்தவன் நான். ‘எப்போதும் திறந்திருக்கும்’ என்று பலகை வைத்த கடையில் எப்போதெல்லாம் விற்பனை நடக்காது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் கணக்கு முடிக்கும் நேரம். கடையை மூடாவிட்டாலும் அன்றைய கணக்கை மூடித்தானே ஆக வேண்டும்? எங்கள் கடையில் நள்ளிரவு 12 மணிக்கு அது தொடங்கும். 20 நிமிடம் பில் போட முடியாது. ஒருநாள் 12.10 இருக்கும், ஒருவர் ஓடி வந்து குழந்தைக்குப் பால் புட்டி கேட்டார். காருக்குள் குழந்தை வீறிடுவது கல்லா வரை கேட்கிறது. புட்டி என் கைக்கெட்டும் தூரத்தில், பணம் அவர் கையில், திரையிலோ ‘காத்திருக்கவும்’. சரி, கொண்டு போங்கள் என்று கொடுத்துவிட்டு, விவரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பணத்தை அதில் சுற்றி வைத்தேன். பில் இல்லாமல் பொருள் வெளியே போனதற்காக மறுநாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்றைக்கும் நான் அதைத்தான் செய்வேன். கையால் எழுதிக் கொடுக்க ஒரு பில் புத்தகம் இருந்தால் போதுமே!

அடுத்தது சொல்லவே கூச்சமானது. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் கதவைச் சாத்தி, ‘5 நிமிடத்தில் வருகிறேன்’ அட்டையை மாட்ட வேண்டும். அந்த 5 நிமிடம் எப்போது தொடங்கியது என்று வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியைத் தட்டுவார்கள், திட்டுவார்கள். அதற்குப் பயந்தே எத்தனையோ இரவுகள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன்.

கதவில் பூட்டும் இருந்தது. ஓர் இரவு தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, சாவி எங்கே என்று எனக்கும் தெரியவில்லை, போனில் கேட்டால் மேலாளருக்கும் தெரியவில்லை. கடையை ஒருநாளும் பூட்டியதில்லையே! தீ ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை எதிர்ப்பக்கம் நின்று, திறந்து கிடந்த கடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பல நாடுகளில் கிளைகள் உள்ள செவன் இலெவன் என்ற கடை நிறுவனத்தின் பெயரே காலை 7 முதல் இரவு 11 வரை என்ற நேரத்தை வைத்து 1946-இல் வந்தது. 1963-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்து வந்த கூட்டத்தால் அதன் ஒரு கிளையை இரவு முழுக்க மூட முடியவில்லை. அந்த நிறுவனத்துக்கு 24 மணி நேர யோசனை அங்கிருந்துதான் பிடித்தது. கூட்டம் வந்தது, விழித்திருந்தார்கள், நியாயம். ஆனால் 2019-இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் ஒரு கிளையை நடத்தியவர், ஆள் கிடைக்காமல் இரவில் மூடத் தொடங்கினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. அந்த வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்கு மனது ஆறவில்லை.

கடை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். இரவில் இரண்டு பேரைப் போடுங்கள். முடியாதென்றால், எத்தனை மணிக்கு பில் கிடையாது, எத்தனை மணிக்கு ஆள் இருக்க மாட்டார் என்று பலகையிலேயே நேரம் குறித்து எழுதிவிடுங்கள். அப்புறம், அந்தச் சாவியை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் இரவுப் பணியாளர்