பழைய அட்டையும் புது அட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையுமாகத் தனியே காலம் தள்ளுகிற வயதானவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டு வீட்டில் இருக்கிறோம். மாத்திரை கிடைக்கவில்லை என்ற குறை எங்களுக்கு இல்லை. கிடைத்த மாத்திரையில் எது எதற்கு என்று தெரியாமல் போவதுதான் பயம்.

எனக்கு 68 வயது, என் வீட்டுக்காரருக்கு 74. மகன் புனேயில், மகள் ஷார்ஜாவில். போன மாதம் அவருடைய சர்க்கரை மாத்திரை ஸ்டாக் இல்லை என்று வழக்கமான மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். "இதுவும் அதேதாம்மா" என்று கடைப் பையன் என்னிடம் சொன்னதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். டப்பாவில் பழைய அட்டையில் ஆறு மாத்திரை மீதி இருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு. அவர் இரண்டிலும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் விடியற்காலை எழுப்பப் போனால் பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பக்கவாதமோ என்று எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. முந்தின இரவு வயிறு சரியில்லை என்று அரைகுறையாகத்தான் சாப்பிட்டிருந்தார். மீட்டரில் பார்த்தால் 54. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார், ஏறியதும் சாப்பாடு கொடு, நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடு என்று ஒரு நர்ஸம்மா எப்போதோ சொன்னதைக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தேன். அதுதான் அன்று காப்பாற்றியது.

அப்புறம் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு அட்டைகளையும் பார்த்தேன். இரண்டிலும் எறும்பு மாதிரி ஆங்கில எழுத்தில் 'கிளிமிபிரைடு' என்று ஒரே மருந்தின் பெயர்தான் இருக்கிறது. ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்த எனக்கே இந்தப் பாடு என்றால், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இன்சுலின் போடுபவர்கள் கஷ்டம் இன்னும் பெரிது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்துள்ள குப்பிக்கு, அதற்கேற்ற 40 யூனிட் சிரிஞ்சுதான் வேண்டும். 100 யூனிட் சிரிஞ்சில் அதே எண் வரை இழுத்தால் போக வேண்டிய மருந்தில் பாதிகூட உள்ளே போகாது. தனியாக இருப்பவருக்கு இதைப் பக்கத்தில் நின்று யார் சொல்வார்கள்?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். மூட்டு வலியால் படி இறங்க முடியாத எதிர்வீட்டு அக்காவுக்கு, அந்தத் தன்னார்வலப் பெண் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது எவ்வளவு பெரிய துணை! அவரிடமே இன்னும் ஐந்து நிமிடம் கேட்கிறேன். வீட்டிலுள்ள மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கட்டும். டாக்டர் நிறுத்தியது, தேதி முடிந்தது, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது எல்லாவற்றையும் பிரித்து எடுக்கட்டும். இந்த வேலைக்காக அரசு அவர்களுக்குப் பயிற்சியும், கூடுதல் ஊதியமும் தர வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "மாத்திரை போட்டீங்களா?" என்று தினமும் போனில் கேட்கிறீர்கள், சந்தோஷம். அந்த இரண்டு நாளும் என் மகன் கேட்டான், இவரும் போட்டேன் என்றுதான் சொன்னார். வீடியோ காலில் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கம்பெனி மாறும்போது 'சர்க்கரைக்கு, காலையில் ஒன்று, பழையதற்குப் பதில் இது' என்று அட்டையின் மேலேயே தமிழில் பெரிதாக எழுதித் தாருங்கள் என்று எங்கள் கடைக்காரரிடம் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் எழுதிக் கொடுத்தார், அரை நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாக் கடைகளிலும், அரசு மருத்துவமனை மருந்து கவுன்டர்களிலும் இதைக் கட்டாயமாக்கச் சொல்லி உங்கள் இதழ் வழியாக சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை.