தம்பிக்கு, இரண்டாவது பிறப்பதற்குள்

தம்பி,

இரண்டாவது உண்டாகியிருக்கிறது என்று அம்மா சொன்னாள். நீ சொல்லவில்லை. சரி. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறாய் என்று தெரியும். அதனால்தான் இங்கேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். நம் வீட்டு ஆட்கள் சிலரும் இதைப் படிப்பார்கள். அவர்களை உத்தேசித்துச் சில இடங்களில் வாயை மூடிக்கொள்கிறேன். உனக்குப் புரியும்.

யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகப்போவதில்லை. அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் பேசவேண்டும்.

பாப்பாவுக்கு அப்போது ஆறாவது வாரம். போனை எடுத்ததும் அவள் அழுகைதான் கேட்டது, உன் குரல் இல்லை. மூச்சு முட்ட ஒரு நீண்ட வீறல், சத்தமே இல்லாத ஒரு இடைவெளி, மறுபடியும் வீறல். அந்த இடைவெளிகளில் நீ அவள் முதுகைத் தட்டுவது கேட்டது. முதலில் மெதுவாகத்தான் தட்டிக்கொண்டிருந்தாய். நான் "என்னடா" என்று கேட்டு, நீ பதில் சொல்லாமல் இருந்த நேரத்தில் அந்தத் தட்டல் வேகமாகிக்கொண்டே போனது. வேகம் மட்டும் இல்லை, கனமாகவும் விழுந்தது. "இவளை என்ன செய்றதுன்னே தெரியலக்கா" என்றாய். எந்த அப்பாவும் சொல்லக்கூடிய வார்த்தைதான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்.

அப்போதுதான் நான் கத்தினேன். "தொட்டில்ல போடு. மல்லாக்கப் படுக்கவை. ரூமை விட்டு வெளியே வா." அழறாளே என்றாய். "அழட்டும், போடுடா."

நீ போட்டாய். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு நீ அழுதாய். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதமாட்டேன்.

மறுநாள் எல்லாரும் இருக்கும்போது கேட்டாயே, "நான் குழந்தையை ஏதாவது செஞ்சிடுவேன்னு நினைச்சியா?" என்று. நான் ஆமாம் என்றேன். அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு மன்னித்துவிடு. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கவேண்டிய பதில் அது. ஆனால் அந்தப் பதிலை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். உன்னைக் கெட்டவன் என்று நினைத்துச் சொல்லவில்லை. தூக்கமில்லாமல், இரண்டு மணி நேரமாக அந்த வீறலைக் காதருகே வைத்துக்கொண்டு நடக்கிற யாருடைய கையும் எந்த நொடியிலும் குழந்தையைக் குலுக்கிவிடலாம். கழுத்தில் பலமே இல்லாத வயசு அது. சில நொடி வேகமாகக் குலுக்கினாலே மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகும், உயிரும் போகும். அதைச் செய்தவர்களில் பலர் அந்த நிமிஷம் வரை குழந்தையை உயிராக வைத்திருந்தவர்கள்தான். அந்தக் குரலை எனக்கு எப்படி அடையாளம் தெரிந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். என் மகன் பிறந்த வருஷம் நீ எங்களோடுதான் இருந்தாய்.

ஆனால் நீ என்ன செய்தாய்? பச்சைக் குழந்தையை அழவிடச் சொன்னாள் அக்கா என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் கல்நெஞ்சுக்காரி ஆனேன். அன்றைக்கு நீ முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் கழித்து உள்ளே போய் அவளைத் தூக்கினாயே, அதை யாரிடமாவது சொன்னாயா? உன் கை அப்போது நிதானமாக இருந்தது என்று எனக்கு மட்டும்தானே சொன்னாய்? அது இன்னும் வலிக்கிறது எனக்கு.

நான் சொன்னது தூங்கப் பழக்குவதற்காக அழவிடுவது இல்லை. ஆறு வாரக் குழந்தையை அப்படிப் பழக்கவும் முடியாது. இரவு, பகல் என்று பிரித்தறியும் உடற்கடிகாரமே இரண்டு மூன்று மாதத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. நான் சொன்னது, தூக்கி வைத்திருப்பவருக்கு இனிமேல் முடியாது என்றால் குழந்தைக்குப் பத்திரமான இடம் தொட்டில்தான் என்பது. பத்து நிமிஷம் அழுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

நீ அப்போது எதையோ தப்பாகச் செய்துகொண்டிருந்தாய் என்றும் நினைக்காதே. 1962இல் பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகை நேரத்தை அம்மாக்களைத் தினமும் குறிக்கச் சொல்லிப் பார்த்தார். வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போன அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்கு வந்தது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டேமுக்கால் மணி நேரம், அதிலும் சாயங்காலத்தில் அதிகம். அதற்குப் பிறகு தானாகக் குறைந்தது. நீ என்னைக் கூப்பிட்டது சரியாக அந்த உச்சத்தில். பால், டயபர், வயிறு, காய்ச்சல் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் குறை இல்லை என்றால் அந்த அழுகைக்கு உன்னிடம் காரணம் தேடிப் பிரயோஜனம் இல்லை. அது வளரும் வயசின் அழுகை. ஆனால் மூன்று மாதத்துக்குள் உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வழக்கமில்லாத மாதிரி துவண்டு கிடந்தாலோ, எந்த நேரமானாலும் டாக்டரிடம் ஓடு. அங்கே என் யோசனை வேண்டாம்.

பாப்பா தோளில் தூங்கிவிடுவாள், படுக்கவைத்த உடனே விழித்துக்கொள்வாள் என்று புலம்புவாயே, அதற்கு ஒன்று கிடைத்தது. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தில் குரோடா குழுவினர் 2022இல் வெளியிட்டது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிஷம் நடக்கவேண்டும். தூங்கியதும் உடனே படுக்கவைக்காமல், மடியில் வைத்தபடி ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இறக்கவேண்டும். முதுகு மெத்தையில் படுவது குழந்தையை எழுப்புவதில்லையாம், நம் உடம்பிலிருந்து அது பிரிய ஆரம்பிப்பதுதான் எழுப்புகிறதாம். எல்லாக் குழந்தையிடமும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீ எப்போதும் அந்த உட்காரும் நேரத்தைத்தான் விட்டுவிடுவாய். அவசரம். நம் அப்பாவின் அவசரம்.

அப்புறம், முனகினாலே தூக்காதே. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதி, கைகால் உதறி, முகம் சுளித்து, முனகிக்கொண்டே தூங்குகிற தூக்கம். விழித்துவிட்டது என்று நாம்தான் தூக்கி எழுப்பிவிடுகிறோம். கொஞ்சம் காத்திரு. உண்மையிலேயே பசி என்றால் அது உனக்கு நன்றாகத் தெரியும்படி சொல்லும்.

என்ன ஆனாலும் சோபாவில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணயராதே. கையில் குழந்தை இருக்கும்போது தூங்கிவிடக் கூடாத இடங்களில் அதுதான் மோசம். மல்லாக்க, கெட்டியான மெத்தையில், தலையணையோ பொம்மையோ இல்லாமல் படுக்கவை. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி ஊரறியப் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில், தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்று இந்த முறையும் ஒருவர் சொல்லுவார். யார் என்று இருவருக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு மல்லாக்கவே போடு.

உன் மனைவியைப் பற்றியும் சொல்லவேண்டும். போன தடவை ராத்திரி முழுக்க இரண்டு பேருமே விழித்திருந்தீர்கள். அது அன்பு என்று நினைத்தீர்கள், நானும் அப்போது எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சோர்ந்துபோனால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. இந்தத் தடவை முதல் பாதி ராத்திரி ஒருவர், பின்பாதி இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்க மட்டும் அவளை எழுப்பு. ஏப்பம் எடுப்பது, மாற்றுவது, தூங்கவைப்பது உன் வேலை. ஒரே மூச்சில் நாலு மணி நேரம் தூங்கினாலே மனுஷர் வேறு மாதிரி ஆகிவிடுவார்கள். பிறந்து பல வாரம் ஆகியும் எதிலும் பிடிப்பில்லாமல் அவள் அழுதுகொண்டே இருந்தால், உடம்பு அசதி என்று ஒதுக்காமல் டாக்டரிடம் காட்டு.

பெரியவளைக் கொஞ்ச நாள் என்னிடம் அனுப்பு. பாப்பா என்று கூப்பிட்ட வாயால் பெரியவள் என்று எழுதுகிறேன், பார். அவளுக்கு என் முகம் மறந்திருக்கும், அதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

என் எண் மாறவில்லை. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, எடுப்பேன். முதலில் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கூப்பிடு.

அக்கா