பேச்சுப் போட்டியும் 'நடுநிலை' என்ற சொல்லும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியின் முடிவு குறித்துச் சென்ற வாரம் பெற்றோர் மூவர் என்னைச் சந்தித்தார்கள். பள்ளி நடுநிலையோடு நடந்துகொள்ள வேண்டும் என்றே மூவரும் கேட்டார்கள். ஆனால், அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டிருந்தார்கள் என்பது பேசப் பேசத்தான் விளங்கியது. கலந்துகொண்ட எல்லாருக்கும் பரிசு தருவதே நடுநிலை என்றார் ஒருவர். ஆசிரியர்கள் யார் பக்கமும் பேசாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றார் மற்றவர். எல்லாரையும் ஒரே கோலால் அளந்தீர்களா என்று கேட்டவர் மூன்றாமவர் மட்டுமே.

'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று 118ஆம் குறள் சொல்வதும் அதைத்தான். தராசு முதலில் தான் சமனாக நிற்க வேண்டும், பிறகே எடை போட வேண்டும் என்று பரிமேலழகர் உரை விளக்குகிறது. தட்டில் பொருள் வைத்த பின் கனத்த பக்கம் தாழத்தான் செய்யும். அப்போதும் அசையாமல் நிற்குமானால் அந்தத் தராசு பழுதானது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒருசேர பெஞ்சின்மேல் ஏற்றுவது இதனால்தான் நடுநிலை ஆகாது. (நானும் பல ஆண்டுகள் அப்படிச் செய்தவன்தான், வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவே.)

இனிப் போட்டிக்கு வருகிறேன். நடுவர்களாக இருந்த மூன்று ஆசிரியர்களில் ஒருவருடைய மகளும் மேடையேறினாள். தாய் மகளுக்கு அள்ளிக் கொடுத்திருப்பார் என்பதே உங்களில் சிலருடைய ஐயம். மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன்: இருபதுக்கு மற்ற இருவர் 17, 18 என்று போட்டிருக்க, தாய் 13 போட்டிருந்தார். ஊர் வாய்க்கு அஞ்சிக் குறைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அவர் அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். தன் பிள்ளைக்குக் கூட்டிப் போடுவதைப் போலவே குறைத்துப் போடுவதும் கோணல்தான்.

நல்ல மனத்தை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின்படி, ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டார்கள்; குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அறியாத சிறுவன். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் இந்தத் தேர்வினின்று விலக்கப்பட்டார்கள். இன்றைய பொதுத்தேர்வில் பெயருள்ள முகப்புத் தாளைப் பிரித்த பிறகே விடைத்தாள் திருத்துபவரிடம் செல்வதும் இதே எண்ணத்தால்தான்.

ஆகவே, அந்த நடுவரின் மதிப்பெண்ணைப் போட்டியாளர் அனைவருக்கும் நீக்கிவிட்டு, பட்டியலை மீண்டும் கணக்கிட்டோம். அதன்படி அந்த மாணவி மூன்றாம் இடம் பெறுகிறாள். முன்பு அந்த இடத்தைப் பெற்ற மாணவனின் சான்றிதழ் திரும்பப் பெறப்படாது. இனிமேல் தம் பிள்ளையோ உறவினர் பிள்ளையோ பங்கேற்கும் போட்டிக்கு யாரும் நடுவராக அமர மாட்டார்கள். விளையாட்டு விழாவில் நடுவராக உதவ முன்வந்துள்ள பெற்றோர்களுக்கும் இது பொருந்தும் என்பதால், தங்கள் பிள்ளை எந்தெந்தப் போட்டியில் கலந்துகொள்கிறான் அல்லது கொள்கிறாள் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் தாள்கள் என் அறையில் உள்ளன. மாலை நான்கு மணிக்கு மேல் எவரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்