அந்த ஸ்னேர் டிரம் என்னிடம்தான் இருக்கிறது

அண்ணா,

வாட்ஸாப்பில் எப்போது அனுப்பினாலும் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்கள் இந்தப் பக்கமெல்லாம் வரமாட்டீர்கள். ஆனால் நம் பழைய கூட்டத்தில் யாராவது ஒருத்தர் படித்துவிட்டு, அரை மணி நேரத்தில் உங்களுக்கு அனுப்பி, "பாத்தியா, அவன் என்ன எழுதியிருக்கான்னு" என்று கேட்காமல் இருக்கமாட்டார். நாம் பேசிக்கொள்ளாமல் இந்த ஆகஸ்ட்டோடு ஏழு வருஷம்.

முதலில் விஷயம். உங்கள் ஸ்னேர், அடித் தோலில் கம்பிகள் இழுத்துக் கட்டிய அந்த டிரம், பத்திரமாக இருக்கிறது. பித்தளை உடம்பு, பதினாலு இஞ்ச், ஓரத்தில் அந்த நசுங்கல், எல்லாம் அப்படியே. நான் அதை விற்றுவிட்டதாக யாரோ உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர் யார் என்றும் தெரியும், அவரும் இதைப் படிப்பார், போகட்டும்.

வீட்டைக் காலி செய்கிறோம். ஓசூர் பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது அந்தக் கறுப்புப் பை வந்தது, உள்ளே டிரம்மோடு உங்கள் கைக்குட்டை ஒன்று, டிரம் சாவி ஒன்று. "இதையும் தூக்கிட்டுப் போகணுமா?" என்று வீட்டில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

பெங்களூர் இந்திராநகரில் நம் கிளப் இருந்த அந்த மாடி எப்படி இருந்தது, யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எனக்கு இப்போதும் நினைவில் வருவது கூட்டம் வருவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம்தான். ஆபீஸை முடித்துக்கொண்டு டொம்லூர் நெரிசலில் நீந்தி வந்து, கழுத்தில் ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் நான் கேபிள் இழுத்துக்கொண்டிருப்பேன், நீங்கள் காலால் மிதித்து வாசிக்கிற கிக் டிரம்முக்குள் பழைய போர்வையைத் திணித்துக்கொண்டிருப்பீர்கள். காலி ஹாலில் ஹை-ஹாட் தட்டுகளின் சத்தம் காதில் ஊசி மாதிரி குத்தும். நான் ஈக்யூ குமிழைத் திருகி அந்தக் கூர்மையைக் குறைக்கப் போனால், "கைய எடு தம்பி, ஆள் வரட்டும். ஆளுங்கதான் பஞ்சு" என்பீர்கள். எட்டரைக்கு அறுபது பேர் வந்து நின்றதும் அந்தக் கூர்மையெல்லாம் அவர்கள் சட்டையிலும் உடம்பிலும் போய் ஒட்டிக்கொள்ள, ஒலி பதமாக இறங்கிவிடும். பிற்பாடு காசு கட்டி ஆன்லைனில் ஒரு கோர்ஸ் படித்தேன், மூன்றாவது பாடத்தில் இதையே அரை மணி நேரம் சொன்னார்கள்.

சனிக்கிழமை கூட்டம் பீருக்கு வரும் கூட்டம், அதைப் பற்றி எனக்குப் பெரிய நினைவே இல்லை. செவ்வாய்க்கிழமைகள்தான். தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் மாதிரி 1996-லிருந்து வாசித்துக்கொண்டிருக்கிற பெரிய கைகள் இந்த ஊரில் உண்டு, அவர்களுக்குப் பெரிய மேடைகளும் உண்டு. நம் செவ்வாய்க்கு வந்ததெல்லாம் இரண்டு பாட்டு எழுதிவிட்டு மூன்றாவதற்கு டிரம்மர் கிடைக்காமல் நிற்கிற காலேஜ் பையன்கள். "அண்ணா, சும்மா உக்காருங்கண்ணா" என்றால் போதும், ஒத்திகை இல்லாமலே உட்கார்ந்துவிடுவீர்கள். நடுப் பாட்டில் அவன் தாளம் விட்டால், நீங்களும் அவனோடு சேர்ந்து விட்டு, தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாமல் அவனைக் கூட்டிக்கொண்டு கரையேறுவீர்கள். அப்புறம் அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டீர்கள். சவுண்ட் கன்சோலுக்குப் பின்னால் நின்று இதைப் பார்ப்பதற்காகவே நான் புதன்கிழமை காலையில் தூங்கி வழிந்து மேனேஜரிடம் திட்டு வாங்கினேன்.

அதே நீங்கள்தான், எனக்கு நாலு மாதம் காசு வராதபோது வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு வந்துகொண்டிருந்தது. "கேட்டா கிளப்பே நின்னுடும் தம்பி, பொறு" என்றீர்கள். யாருக்காகப் பொறுக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. முதலாளியைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இணையத்தில் எல்லாரும்தான் படிக்கிறார்கள்.

சரி, கிளப் சத்தத்துக்கு எதிரான மனுவில் நான் போட்ட கையெழுத்து.

கிளப்புக்கு நடந்தே போய்விடலாம் என்றுதான் பின்தெருவில் அந்த மூன்றாம் மாடி வீட்டையே எடுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும், வாடகை அட்வான்ஸுக்குப் பத்தாயிரம் குறைந்தபோது கொடுத்ததே நீங்கள்தான். (திருப்பிக் கொடுத்துவிட்டேன். படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) பாப்பா பிறந்தது 2017 நவம்பரில். அதுவரைக்கும் அந்த வீட்டில் கிக் டிரம் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அது கேட்கிற நேரத்திலெல்லாம் நான் கிளப்பில் இருந்தேன். பாப்பாவின் அம்மாதான் கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு பத்துக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று சட்டம். ஒருநாள் யாரோ மீட்டர் கொண்டுவந்து அளந்துவிட்டு, அப்படியொன்றும் மோசமில்லை என்று போனார்கள். அந்த மீட்டர் மனுஷக் காதைப் போலக் கணக்குப் போடுவது, அடி பேஸை மிகவும் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். நமக்கு வந்துகொண்டிருந்ததோ அறுபது ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலையே ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளம். கிளப் சுவரில் ஒட்டிய ஃபோம் அதை என்ன செய்யும்? அது செங்கல்லோடு சேர்ந்து நடந்து வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கன்சோலில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிற எந்த ஃபேடரை எவ்வளவு இறக்கினால் என் பிள்ளை தூங்குவாள் என்று ஊரிலேயே எனக்குத்தான் துல்லியமாகத் தெரியும். இறக்கினேன். இரண்டு வாரம் இறக்கினேன். "சவுண்ட்ல உசிரே இல்லப்பா" என்று புகார் வந்தது, அதில் உங்கள் குரலும் இருந்தது.

அந்த மே மாத ராத்திரி. வியாழக்கிழமை, உங்களுக்கு வாசிப்பு இல்லை. சர்ச் ஒத்திகை முடிந்து, மழையில் தோளில் ஸ்னேரோடு வந்தீர்கள். பாப்பாவுக்கு ஒரு கிலுகிலுப்பை. அவள் ரசம் சாதம் போட்டாள், அப்பளம் நமுத்துவிட்டது என்று வருத்தப்பட்டாள், பரவாயில்லைம்மா என்று நீங்கள் மூன்று அப்பளம் சாப்பிட்டீர்கள். ஒன்பதரைக்கு அங்கே வேறொரு பையன் கிக்கை மிதிக்க ஆரம்பித்தான். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக அசைந்தது. நீங்கள் எழுந்துபோய், சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றீர்கள். நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிற டாக்டர் மாதிரி.

"எங்க லைன் வீட்லயும் இப்படித்தான் தம்பி" என்றீர்கள். "கீழ பாறை வெடிச்சா மொதல்ல அலமாரில பாத்திரம் பேசும். அப்பறந்தான் சத்தம். அம்மா அடுப்ப அணைச்சிட்டு வாசல்ல போய் நிப்பாங்க, ஷிஃப்டு முடிஞ்சு அப்பா வர்ற வரைக்கும்."

கேஜிஎஃப், அதாவது உங்கள் கோலார் தங்கவயல் பற்றி அதற்கு முன்னால் நீங்கள் என்னிடம் சொன்னதெல்லாம் சிரிப்பு சமாச்சாரம்தான். இந்தப் பித்தளை டிரம்மைக் காட்டி, "கேஜிஎஃப் தங்கம் இதுதான், மிச்சத்த வெள்ளக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்பீர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்த மனுஷரின் பிள்ளை என்று தெரியும், 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியதும் மாரிக்குப்பம் ரயிலில் ஊரே பெங்களூருக்கு வேலை தேடி வந்துபோன கதையும் தெரியும். ஆனால் வாசலில் நின்ற அம்மாவைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

அப்போது பாப்பா எழுந்து அழுதாள். நீங்கள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முதுகில் தட்டினீர்கள். அங்கே அவன் மிதித்துக்கொண்டிருந்த வேகத்துக்கு இல்லை, சரியாக அதில் பாதி. ஒன்று விட்டு ஒன்று. கொஞ்ச நேரத்தில் எனக்கே அந்தப் பையனின் கிக் உங்கள் கைக்கு அடங்கி வாசிக்கிற மாதிரி இருந்தது. பாப்பா தூங்கிவிட்டாள். மூலையில் பைக்குள் ஸ்னேரின் கம்பிகள் ஒவ்வொரு கிக்குக்கும் ஸ்ர்ர், ஸ்ர்ர் என்று தானாக அதிர்ந்துகொண்டிருந்தன. "பாரு, என்னைய விட்டுட்டு அதுவே வாசிக்குது" என்று சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள், ஆறு மாதத்தில் அந்தச் சத்தத்துக்கு அவள் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த டம்ளருக்கு அடியில்தான் மனு இருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பத்தொன்பதாவது பெயர். குடியிருப்போர் அசோசியேஷன் செகரட்டரி காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது நீங்கள் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தீர்கள், காகிதத்தில் ஈர வட்டம், விரலால் அதைத் துடைத்துவிட்டு டம்ளரைப் பக்கத்தில் வைத்தீர்கள். படித்தீர்களா? ஏழு வருஷமாக எனக்கு இதுதான் கேள்வி. நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், மூன்று முறை தொண்டை வரைக்கும் வந்தது. "மழை விடல, இது இங்கயே இருக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கறேன்" என்று ஸ்னேரை விட்டுவிட்டு, கைப்பிடி உடைந்த எங்கள் குடையை வாங்கிக்கொண்டு அல்சூரில் அக்கா வீட்டுக்கு நடந்தீர்கள். அடுத்த வாரம் என்பது வரவே இல்லை.

மன்னித்துவிடுங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

ஆனால் என் ஒரு கையெழுத்தில்தான் கிளப் மூடியது என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னது நியாயமில்லை அண்ணா. கிளப்பை மூடவைத்தது, லைவ் இசை நடத்துகிற இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 2005-ல் போட்ட உத்தரவு. 'லைவ் பேண்ட்' என்றால் இந்த ஊரில் பெண்களை ஆடவிடுகிற பார் என்றுதான் அர்த்தம், அதற்கு விரித்த வலை. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட, அந்த வருஷ நடுவிலேயே போலீஸ் கிதார் வாசிக்கிற இடங்களிலும் லைசென்ஸ் கேட்க ஆரம்பித்தது. தீயணைப்புத் துறை சான்றிதழ், கட்டடத்துக்கு ஓசி எனப்படும் குடிபுகு சான்றிதழ். வீடாகக் கட்டி கடையாக மாறிய மாடிக்கு ஓசிக்கு எங்கே போவது? பின்தெருவில் ஒரு குழந்தைகூட இல்லாத கிளப்களும்தான் பாட்டை நிறுத்தின. நான் போடாவிட்டாலும் இருபத்தாறு பேர் போட்டிருப்பார்கள். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் சரியாக வருகிறது, ஒவ்வொரு தடவையும் அந்த ஈர வட்டம் நினைவுக்கு வருகிறது.

அசோசியேஷன் ஆட்கள் யாராவது படித்தால்: நீங்கள் கேட்டதில் தப்பில்லை, தூக்கம் எல்லாருக்கும் வேண்டும். என் தப்பு வேறு.

நீங்களும் கேட்டிருக்கலாம். ஒரு போன். "ஏன்டா தம்பி?" என்று இரண்டு வார்த்தை. அதைக் கேட்காமல் நம்பரைத் தடுத்துவிட்டு, பையன்களிடம் துரோகி என்று சொல்லிவிட்டு, கேஜிஎஃபுக்குப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். தாளம் விட்ட எந்தப் பையனையும் நீங்கள் அப்படி நடு மேடையில் விட்டுவிட்டுப் போனதில்லை.

வரும் சனிக்கிழமை காலை ரயிலில் மாரிக்குப்பம் வருகிறேன். பாப்பாவும் வருகிறாள், இரண்டாம் வகுப்பு. யார் வீடு என்று கேட்டாள், டிரம் தாத்தா வீடு என்றேன். தாத்தா என்றதற்குக் கோபம் வேண்டாம், தாடி நரைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். நீங்கள் வீட்டில் இல்லையென்றால், அல்லது இல்லை என்று சொல்லச் சொன்னால், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மத்தியான ரயிலைப் பிடித்துவிடுவோம்.

கம்பிகளை இறுக்குகிற ஸ்ட்ரெய்னரைத் தளர்த்தி, கம்பிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் ரயில் முழுக்க வாசித்துக்கொண்டே வரும். மேல் தோலில் ஓரமாகப் பேனாவால் ஒரு பூனை வரைந்திருக்கும். அது பாப்பா. அழிக்கப் பார்த்தேன், போகவில்லை.